பேச்சாவின் முன்னிருக்கை

அந்த அம்மாள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "எதுல வந்தீங்க?" என்பதுதான். சௌக்கியமா, சாப்பிட்டீர்களா எல்லாம் அதற்கப்புறம். பஸ்ஸில் வந்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லித் தப்பித்துவிட முடியாது. எந்த பஸ், எங்கே ஏறினது, உட்கார இடம் கிடைத்ததா, வழியில் எங்கேயாவது நின்றுபோனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகுதான் தண்ணீர்ச் செம்பு வரும். வந்த காரியம் என்ன என்று மட்டும் கேட்கமாட்டார். அது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டதில்லை.

தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம் அது. கம்பைநல்லூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்து, செங்கல்பட்டிலிருந்து டிரங்குப் பெட்டியும் கூஜாவுமாக நான் வந்து சேர்ந்தேன். அவர் வீட்டு முன்னறை வாடகைக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வாசலில் போய் நிற்கிறேன், தாகத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"மொரப்பூர் வரைக்கும் ரயில். அங்கிருந்து குதிரை வண்டி" என்றேன்.

"குதிரை வண்டியா? எது, ஒத்தைக் கண்ணு குதிரையா?"

குதிரையின் கண்ணை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அது பாதி வழியில நின்னுருமேங்க!"

நின்றுவிட்டதுதான். மீதி வழியை ஒரு கரும்பு வண்டியில் வந்தேன் என்று சொன்னதும் அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. எனக்கு அழுகை வராத குறை. இந்த வீட்டில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டோம் என்று நினைத்தேன். ஆறு வருஷம் இருந்தேன்.

அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும். ஊரில் வளையல்காரம்மா என்பார்கள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் டீச்சரம்மா. முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வெளியே கிளம்பினால் தலையோடு உடம்பையும் மூடுகிற வெள்ளைத் துப்பட்டி, இடுப்பில் வளையல் பெட்டி. திங்களன்று ஒரு சந்தை, செவ்வாயன்று ஒரு சந்தை, மாசி மாதம் தீர்த்தமலைத் திருவிழா, அறுப்பு முடிந்தால் சித்தேரி மலை கிராமங்கள். வீட்டில் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் மூன்றாம் நாள் தலைவலி வந்துவிடும். எழுத்துக் கூட்டத் தெரியாது. பஸ்ஸின் பெயர்ப் பலகையை அவர் பார்த்ததே இல்லை. ஹாரன் சத்தம், பின்பக்கம் நசுங்கிய இடம், டிரைவரின் இருமல் இவற்றை வைத்தே எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை அவரோடு தீர்த்தமலைத் திருவிழாவுக்குப் போய்விட்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றேன். நிற்பது என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. முதலில் ஒரு மாட்டு வண்டி. அது திரும்பும் இடத்தில் இறங்கிப் புளி மூட்டை ஏற்றிய லாரி. அந்த லாரி போனது ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம். "பரவால்லீங்க, அங்கிருந்து ஒரு வண்டி வரும்" என்றார். வந்தது. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள், விட்ட பஸ்ஸுக்கு அடுத்த பஸ் எங்களைத் தாண்டிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொன்னதும், "அதுல வந்திருந்தா இத்தனையும் பாத்திருப்போமா?" என்று கேட்டார். அவர் ஊர் சுற்றுகிறாரா, ஊர் அவரைச் சுற்றவைக்கிறதா என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கும்.

தொழிலில் மட்டும் குழப்பமே இல்லை. வளையல் போட வந்தவளின் கையைப் பிடித்துக் கட்டைவிரல் மொளியை, அதாவது அந்த முட்டு எலும்பை, ஓர் அழுத்து அழுத்துவார். அளவு தெரிந்துவிடும். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். அந்தத் திருவிழாவிலேயே முன்பின் தெரியாத ஒரு மலைக்காரப் பெண்ணின் கையை அழுத்திவிட்டு, "உன் தங்கச்சி சித்தேரியில எங்கிட்டதான் வளையல் போட்டுச்சு, சொகமா இருக்குதா?" என்றார். அந்தப் பெண் வாயைப் பிளந்துவிட்டாள்.

"மூஞ்சி ஏமாத்தும்ங்க டீச்சரம்மா. கை ஏமாத்தாது. ஒரு வூட்டுக் கை ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார்.

அவர் மகளின் கைதான் அவருக்குச் சவால். மொளி பெருத்த கை. சோப்புத் தண்ணீர் போட்டு, கையை ஒடுக்கி, அந்தப் பெண் வீல் என்று கத்தி, பெருநாளுக்குப் பெருநாள் பெரிய ரகளை நடக்கும். "அத்தா கை அப்படியே" என்று சிரிப்பார். மகளுக்குத் தன் அத்தாவை, அதாவது அப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அந்த மனுஷர் பினாங்குக்குக் கப்பலேறினார். மூன்று நான்கு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. இவர் ஆளைப் பிடித்து எழுதிப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. சொல்லி அழுதெல்லாம் நான் பார்த்ததில்லை. "அவரு எந்தக் கப்பல்ல போனாருன்னு தெரியுங்களா?" என்று ஆரம்பித்துக் கப்பலைப் பற்றித்தான் சொல்வார்.

மகளுக்குப் பதினெட்டு வயதில் அரூரிலிருந்து நல்ல இடம் வந்தது. பையன் பாத்திரக் கடைக்காரர் மகன். எல்லாம் கூடி வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார் ஒன்று கேட்டார். பெண்ணின் அத்தா உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையேதான் சொன்னார். இருக்கிறார் என்றால் அவருடைய சம்மதம் எழுத்தில் வர வேண்டும். இல்லை என்றால் பெண்ணின் தாய்மாமன் முன்னால் நின்று நடத்திக் கொடுக்கலாம், ஜமாஅத்துக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டும் தெரியாமல் நிக்காஹ் புத்தகத்தில் எதை எழுதுவது?

"போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார் இவர், ஏதோ பக்கத்துச் சந்தைக்குப் போகிற மாதிரி.

பினாங்கில் சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அக்காவின் அண்ணன் சேலத்திலிருந்து வந்து ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட் படிவம் நிரப்பியவள் நான். பள்ளிக்கூடத்து அட்லஸைக் கொண்டுவந்து மெட்ராஸையும் பினாங்கையும் காட்டினேன். நீல நிறத்தில் விரலை வைத்து, "இவ்வளவு தூரம் வண்டி மாத்தாமலேயா போவுது?" என்று மலைத்துப்போனார். நான்கு மாதம் ஆயிற்று அவர் திரும்ப.

திரும்பிய அன்று தெருப் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில். மகள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறாள். யாரோ கேட்டேவிட்டார்கள்: "பாத்தியா?"

"கப்பல் கரைக்கு வரலை" என்று ஆரம்பித்தார். "கடல்லயே நின்னுருச்சு. ஒரு மோட்டார் படகு வந்துச்சு. அதுல எறங்கறப்ப பொட்டி மேல இருக்குது, நான் கீழ இருக்கேன்..."

மோட்டார் படகிலிருந்து பேச்சா. பேச்சா என்றால் அங்கே மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா. நம் ஊரைப் போல ஓட்டுகிறவன் முன்னால் இல்லை. அவன் பின்னால் இருந்து மிதிக்கிறான், ஏறினவர் முன்னால். "மொகத்துக்கு முன்னாடி ஒருத்தரும் இல்லீங்க. பஸ்ஸு வருது, லாரி வருது, எல்லாம் நேரா எம்மேலதான் வருது. யாரு நம்மள இட்டுக்கிட்டுப் போறாங்கன்னே தெரியாது." பிறகு அந்தத் தீவிலிருந்து அக்கரைக்கு, கார்களையே வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு. அக்கரையில் நான்கு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் டாக்ஸி. நாலாவது ஆள் வராமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்த கதை. பச்சை பஸ், மஞ்சள் பஸ், நீல பஸ். கயிற்றால் கட்டி இழுக்கிற மலை ரயில். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். விளக்கு வைக்கும் நேரம் வந்து எழுந்து போனபோதுதான், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது.

மறுநாளும் அப்படியே. ஹஜ்ரத்தின் மனைவி வந்து கேட்டார். அண்ணன் வந்து அதட்டினார். "சொல்றேன், சொல்றேன்" என்று ஆரம்பித்து எல்லோரையும் ஏதோ ஒரு வண்டியில் ஏற்றி, பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுவார். நாற்பது நாள் ஆகப் போகிறது. அம்மா அத்தாவைப் பார்த்தாளா என்று அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்பாள், அவளிடம் நான் என்ன சொல்வது? அரூர்க்காரர்கள் பொறுமை இழந்து வரும் வெள்ளிக்கிழமை முடிவாகக் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

எனக்குக் கோபமான கோபம். மகளின் வாழ்க்கை நூலில் தொங்குகிறது, இந்த மனுஷி பஸ் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. முதல் மாதக் கதைகளில் ஒழுங்கு இருந்தது. பழைய கடிதத்தில் இருந்த விலாசம் ஒரு கிடங்கு, அங்கிருந்து அக்கரைக்குப் போகச் சொன்னார்கள், அங்கிருந்து ரப்பர் தோட்டத்துக்கு, அங்கேயும் இல்லாமல் திரும்பிக் கடைக்கே வந்தார். அதெல்லாம் புரிந்தது. கடைசி நாட்களின் கதைகள்தான் தலையும் காலும் இல்லாமல் இருந்தன. ஒரு நாள் கோவிலுக்குப் போனேன் என்பார், ஒரு நாள் மலை ரயிலுக்கு, ஒரு நாள் பூந்தோட்டத்துக்கு. எல்லாம் காலையில், எல்லாம் பேச்சாவில், எல்லாம் சொந்தக்காரர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மார்க்கெட் முனையிலிருந்து.

சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. கரும்பலகையில் அந்த வழிகளைச் சாக்பீஸால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூகோளம் நடத்துகிறவளுக்கு ஒரு வழி புரியவில்லை என்றால் தூக்கம் வருமா? சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாதே தவிர, கோடு தெரியும். பார்த்த மாத்திரத்தில், "இது கப்பலடி, படகு வந்து சேர்ற தொறை. இது மார்க்கெட்டு முக்கு" என்று விரலை வைத்தார்.

"இது என்னக்கா?" என்று ஒரு வட்டத்தைக் காட்டினேன்.

பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன பதினோரு வழியையும் போட்டுட்டேன். மலை ரயில் மேற்கே இருக்கு. பூந்தோட்டம் வடக்கே. எங்க போனாலும் பேச்சா முதல்ல கிழக்கே போய் இந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னுட்டுத்தான் திரும்புது. எந்த வண்டிக்காரனாவது இப்படிச் சுத்துவானா? அந்தப் பள்ளிக்கூடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

வளையல் பெட்டியைக் கீழே வைத்தார். முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பலகையில் உட்கார்ந்தார்.

"எனக்கு வேலை இல்லீங்க. வண்டிக்காரருக்குத்தான் வேலை. தன் பொண்ணை அங்க எறக்கிவுட்டுட்டுத்தான் சவாரி போவாரு. அஞ்சு வயசு இருக்கும். எம்பக்கத்துலதான் உக்காந்துக்கும்."

நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தேடி அலைஞ்சு ஒன்னும் ஆவலை, ஊருக்குப் போயிரலாம்னு இருந்தேன். அதுக்கு முன்ன தர்காவுல ஒரு பாத்திஹா ஓதலாம்னு ஒரு நாளு பேச்சா ஏறுனேன். அந்தப் புள்ளை கண்ணாடி வளையலைப் பாத்துட்டுக் கையை நீட்டுச்சு. பழக்கதோசம், மொளியை அழுத்துனேன்." அவர் தன் கட்டைவிரலையே அழுத்திக் காட்டினார். "எம்பொண்ணு மொளியேதான். டீச்சரம்மா, அது என் வூட்டுக் கைங்க."

"திரும்பிப் பார்க்கலையா?"

"எப்படிப் பாக்கறது? மேல மறைப்பு, பின்னாடி துணி. எறங்கறப்ப பாத்தேன். தாடி, தொப்பி, முன்பல்லு ரெண்டு இல்லை. பதினாறு வருசமாச்சே. கொரலு மட்டும் அப்படியே இருந்துச்சு."

"அவருக்கு உங்களைத் தெரியலையா?"

"துப்பட்டிக்குள்ள என்னா தெரியும்? மறுநாளும் ஏறுனேன். மூணாம் நாளு அவராத்தான் கேட்டாரு, எந்த ஊரும்மான்னு. நாகப்பட்டணம்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியலை. நம்மளுக்குச் சேலம் பக்கம்னாரு. அங்க யாருமில்லை, பொண்டாட்டியும் கொழந்தையும் காலராவுல மவுத்தாயிட்டாங்கன்னாரு. அந்தக் காலத்துலயே காயிதம் வந்துச்சாம்."

சாக்பீஸை மேஜையில் விட்டெறிந்தேன். "பொய்! யார் போட்ட கடிதம்? நீங்கதான் குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே!"

"அதாங்க எனக்கும் புரியலை. நெசமாவே எவனாவது தப்பாப் போட்டிருப்பானா? அந்த வருசம் நம்ம தெருவுல காலராவுல போனவங்க உண்டு. இல்லே, புதுப் பொண்டாட்டிகிட்ட சொன்னதையே எங்கிட்டயும் சொன்னாரா? நெசமா நம்பியிருந்தா அவரு மேல குத்தமில்லையே. பொய்யா இருந்தா மன்னிக்க முடியாதே. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொகத்தைப் பாத்தாலாவது தெரியும். அந்த வண்டியில மொகம் தெரியாது."

"அப்புறம் ஏன் மறுபடி மறுபடி ஏறுனீங்க?"

"தெனமும் சொல்லிப்புடணும்னுதான் ஏறுவேன். கோயிலுக்குப் போன்னுவேன், பூந்தோட்டத்துக்குப் போன்னுவேன், வழி நீளமா இருந்தா வாய் வந்துரும்னு. அந்தப் புள்ளை ஏறும். 'அத்தா, மெல்லப் போ அத்தா'ன்னு பின்னாடி திரும்பிக் கத்தும்." துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். "எம்பொண்ணு ஒரு நாளும் அந்த வார்த்தையைக் கூப்புட்டதில்லீங்க. அவருக்கு அதைக் கேட்டுக்கிட்டு அத்தனை சந்தோசம். நான் முன்னாடி கல்லாட்டம் உக்காந்திருப்பேன்."

கடைசி நாள், அதாவது கப்பலேறும் நாள், பெட்டியைச் சொந்தக்காரர் முன்னாடியே கொண்டுபோய்விட்டார். இவர் கையை வீசிக்கொண்டு மார்க்கெட் முனைக்குப் போய்ப் பேச்சாவில் ஏறியிருக்கிறார். அன்றைக்குக் குழந்தை இல்லை. எங்கே போக வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமும் போகவில்லை. வண்டி நேராகக் கப்பலடியில் போய் நின்றது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றேன்.

"கடையில யாராச்சும் சொல்லியிருப்பாங்க, ஊர்லருந்து வந்த அம்மா இன்னிக்குக் கப்பல் ஏறுதுன்னு."

"அதுக்காகக் குழந்தையை விட்டுட்டு வருவாரா?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவா இருந்திருக்கும்."

எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மறுப்பு வைத்திருந்தார். நாற்பது நாளாக உள்ளுக்குள் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானோ பஸ் நிறம் பேசுகிறார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறதே. "உயிரோட இருக்கார்னு சொல்லுங்கக்கா. ஜமாஅத்திலேயே எழுதிக் கேக்கட்டும். அவர் மானம் போனா நமக்கென்ன?"

"எழுதுனா அந்தப் புள்ளையோட அம்மாவுக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தெரியும். எம்பொண்ணுக்கும் தெரியும், தன் அத்தா தன்னை எப்பவோ அடக்கம் பண்ணிட்டாருன்னு." எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். "போர்டை அழிச்சிருங்க டீச்சரம்மா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஹஜ்ரத், மாப்பிள்ளையின் தகப்பனார், அண்ணன், ஜமாஅத்துப் பெரியவர்கள் நான்கு பேர். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தி வளைக்காம சொல்லும்மா. உன் வூட்டுக்காரரு ஹயாத்தோட இருக்காரா, மவுத்தாயிட்டாரா?" ஹஜ்ரத்தின் குரல் தணிவாகத்தான் இருந்தது.

"மவுத்தாயிட்டாருங்க."

மகள் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். அறியாத அத்தாவுக்காக அழுதாளா, கல்யாணம் பிழைத்ததற்காக அழுதாளா, அவளுக்கே தெரியாது. ஹஜ்ரத் துஆ ஓதினார். பிறகு கருணையோடு ஒரு வழியும் காட்டினார்.

"எப்ப மவுத்தானாரு? வருசக்கணக்கா ஆயிருந்தா நீ இத்தா உக்கார வேண்டியதில்லை. நாலு மாசம் பத்து நாள் மவுத்தான நாள்லருந்து கணக்கு. அது தாண்டியிருந்தா முடிஞ்சுது."

புருஷன் இறந்தால் பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், நகை, வளையல் ஏதும் இல்லாமல் இருப்பதுதான் இத்தா. "ரொம்ப வருசம் ஆச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலையில் அரூர் பஸ் ஏறலாம். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

"நான் ஊருக்குக் கப்பல் ஏறுன அன்னிக்குங்க" என்றார்.

முற்றத்தில் சலசலப்பு. "அப்ப ஏன்மா இத்தனை நாளா சொல்லாம சந்தை சந்தையாத் திரிஞ்சே?" என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார்.

"மனசு ஒத்துக்கலீங்க."

அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் முழு உண்மை. ஹஜ்ரத் விரல் விட்டு எண்ணி, போனது போக இன்னும் இரண்டரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது என்றார். அரூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. மூன்றாவது வாரத்திலேயே நிக்காஹ் என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலமே தன் கை வளையல்களைக் கழற்றி, உடையாமல் பெட்டியில் அடுக்கிவிட்டு உள்ளறைக்குப் போனார். எந்த வண்டியும் இல்லாத அறை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். ஒரு பொய்க்காக இப்படி உட்கார வேண்டுமா என்று சண்டை பிடித்தேன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இத்தா இருப்பது பாவமில்லையா என்றுகூடக் கேட்டேன், எனக்குத் தெரியாத மார்க்கத்தில் மூக்கை நுழைத்து. "அல்லாவுக்குத் தெரியும்ங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் மகளுக்காக உட்கார்ந்தாரா, அந்தக் குழந்தைக்காகவா, அல்லது நிஜமாகவே அந்தக் கப்பலடியில் அவர் புருஷன் இறந்துவிட்டாரா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

நிக்காஹ் அன்று காலை மகள் உள்ளறைக்கு வந்து கையை நீட்டினாள். இவர் சோப்புத் தண்ணீர் வைத்துப் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அந்தப் பெண் அன்றைக்குக் கத்தவில்லை. அவளை அழைத்துப் போன பிறகு அறையில் நாங்கள் இருவர்தான். பந்தல் வாசலில்தான் போட்டிருந்தது. ஆனாலும் இத்தாவில் இருக்கிறவர் ஆண்கள் கூடியிருக்கிற அந்தப் பக்கம் போகக் கூடாது. சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹஜ்ரத்தின் குரல் கணீரென்று வந்தது. மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். அடுத்து, "மர்ஹூம்" என்று சொல்லிப் பெண்ணின் தகப்பனார் பெயரைச் சொன்னார். காலஞ்சென்றவர் பெயருக்கு முன்னால் போடுகிற அந்த வார்த்தையை ஊர் முழுக்கக் கேட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளையல் இல்லாத கை எவ்வளவு சின்னதாக இருந்தது!

அவர் அழவில்லை. ஜன்னலில் வெயில் விழுந்திருந்த இடத்தைப் பார்த்து எதையோ கணக்குப் போட்டார்.

"இங்க பதினொன்னுன்னா அங்க ஒரு மணிங்க டீச்சரம்மா" என்றார். "பள்ளிக்கூடம் வுட்டிருப்பாங்க. அந்தப் புள்ளைக்காக அவரு இந்நேரம் வாசல்ல வண்டியை நிறுத்திக்கிட்டு நிப்பாரு."